தசை முடிச்சும் விரல் அழுத்தமும்: தணிவது எது?

கழுத்துக்கும் தோள்முனைக்கும் இடையே ஓடும் ட்ரபீசியஸ் தசையின் மேல்விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மெல்ல உருட்டினால், பலருக்கு முறுக்கிய கயிறுபோல ஓர் இழை அகப்படும். அதில் ஓரிடத்தை அழுத்தியதும் வலி சுரீரென்று எழும். சிலருக்குக் காதின் பின்புறமாக ஏறி நெற்றிப்பொட்டு வரை பரவும். பேச்சுவழக்கில் தசை முடிச்சு, வாயுப் பிடிப்பு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான். மருத்துவ நூல்கள் இதைத் தூண்டுபுள்ளி என்கின்றன. இறுகிய இழை, அதன்மேல் தொட்டால் நோகும் ஒரு புள்ளி, அழுத்தினால் தொலைவில் உணரப்படும் வலி ஆகியவை இதன் அடையாளங்கள்.

இந்தத் தடிப்பை ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் ஃப்ரோரியெப் 1843இலேயே விவரித்திருக்கிறார். 1904இல் வில்லியம் கவர்ஸ் இதை நார்த்திசுவின் அழற்சி எனக் கருதினார். அழற்சிக்கான சான்று திசுவில் கிடைக்கவில்லை. திருப்பம் 1938இல் வந்தது. லண்டனில் ஜான் கெல்க்ரன் தன் தசையிலும் தன்னார்வலர்களின் தசையிலும் செறிந்த உப்புநீரை ஊசியால் செலுத்தி, குத்திய இடத்தை விட்டு விலகிய பகுதிகளிலும் வலி உணரப்படுவதைக் காட்டினார். அமெரிக்க அதிபர் கென்னடியின் மருத்துவராக இருந்த ஜேனட் ட்ராவெல், டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து 1983இல் வெளியிட்ட கையேடு, எந்தத் தசையின் புள்ளி எங்கே வலியை அனுப்பும் என்பதைப் படங்களாகவே வரைந்து தந்தது. பிட்டத்தின் சிறுதசையிலிருந்து கால் வழியே இறங்கும் வலியை இடுப்பு நரம்புக் கோளாறு என்று தவறாகக் கொள்ள எவ்வளவு வாய்ப்புண்டு என்பதை அந்தப் படங்கள் உணர்த்தின.

முடிச்சு உருவாகும் விதத்துக்குச் சைமன்ஸ் முன்வைத்த கருதுகோளே இன்றும் அதிகம் எடுத்தாளப்படுகிறது. நரம்பு தசையைச் சந்திக்கும் இடத்தில் அசிட்டைல்கோலின் தேவைக்கு மேல் கசிகிறது; அதனால் கால்சியம் வெளிப்பட்டு, இழையின் சுருங்கும் அலகுகள் சில இறுகியே நிற்கின்றன. இறுகிய இடம் தன் நுண்குழாய்களைத் தானே நெருக்குவதால் ஆக்சிஜன் வரத்து குறைகிறது. சுருங்குவதற்கு மட்டுமன்றித் தளர்வதற்கும் தசைக்கு ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும். அது போதாமல் போகும்போது இறுக்கம் நீடிக்கிறது. இதற்கு ஓரளவு ஆதரவும் உண்டு. 1993இல் ஹப்பர்டும் பெர்காஃபும் இப்புள்ளிகளில் இடையறாத மின்செயல்பாட்டைப் பதிவு செய்தனர். 2005இல் ஜே ஷாவின் குழு நுண்ணிய ஊசிவழி திரவத்தை எடுத்துச் சோதித்தபோது, வலிதரும் புள்ளிகளில் அமிலத்தன்மையும், பிராடிகினின் முதலான வலித்தூண்டிகளும் கூடுதலாக இருந்தன.

இவ்வளவு இருந்தும், முடிச்சு தனித்த ஒரு நோயுறுப்பு என்பது நிறுவப்படவில்லை. 1992இல் ஃபிரெடெரிக் வுல்ஃபும் சகாக்களும் நடத்திய சோதனையில், நோயாளியின் நிலை தெரியாமல் ஒரே ஆட்களைத் தடவிப் பார்த்த வல்லுநர்களின் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. விரலால் கண்டறிவதன் நம்பகத்தன்மை பற்றிய பிற்கால மீளாய்வுகளும் ஏமாற்றமே தந்தன. வலியே இல்லாதவர்களிடமும் இறுகிய இழைகள் தட்டுப்படுகின்றன. 2015இல் குவின்ட்னர், போவ், கோஹென் மூவரும், தசையில் கட்டியைத் தேடுவதை விட்டு நரம்புகளின் மிகையுணர்வைப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டனர். வலி மெய்யானது, அதற்குச் சொல்லப்படும் காரணம் இன்னும் கருதுகோள் என்று இரண்டையும் பிரித்துக்கொள்வதே நியாயம்.

இப்பிரிவினை நீவிவிடும் முறையையே மாற்றுகிறது. முடிச்சை உடைக்க வேண்டும் என்று நம்புபவர் முழங்கையை ஊன்றுவார். உடைக்க அங்கே ஒன்றும் இல்லை. உள்ளங்காலின் திசுப்பட்டையையோ தொடையின் பக்கப்பட்டையையோ ஒரு விழுக்காடு நசுக்கக்கூட மனிதக் கையால் தர இயலாத விசை வேண்டும் என்று 2008இல் வெளியான கணக்கீடு காட்டியது. தேங்கிய லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து வெளியேற்றுவதாகச் சொல்வதும் பொருந்தாது. உடற்பயிற்சியில் சேரும் அது ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தானே நீங்கிவிடும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழு 2012இல் களைத்த தொடையில் ஒன்றை மட்டும் பிடித்துவிட்டுத் திசுவை எடுத்துச் சோதித்தது: அழற்சிக் குறிகள் தணிந்திருந்தன, லாக்டேட்டில் மாற்றமில்லை. பெரும்பங்கு நிவாரணம் நரம்பு வழியே வருவதாகக் கொள்வதே பொருத்தம். தொடுகையும் அழுத்தமும் வலிச்செய்தியைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்தும் என்பது மெல்சாக்கும் வாலும் 1965இல் முன்வைத்த விளக்கம்.

எனவே கைமுறை நிதானமானதாக இருந்தால் போதும். தசையைத் தளர்வாக வைத்து, புள்ளியின்மேல் விரலை ஊன்றி, பத்துக்கு ஐந்து அல்லது ஆறு என்று சொல்லத்தக்க வலி வரை அழுத்தி, முப்பது முதல் தொண்ணூறு விநாடி நிறுத்த வேண்டும். நோவு தணியத் தணியச் சற்றே ஆழப்படுத்தலாம். மூச்சைப் பிடித்துக்கொள்ளுமளவு வலித்தால் தசை எதிர்த்து இறுகும். நீவுவதற்கு நல்லெண்ணெய் உதவும். ஊன்றி அழுத்தும்போது அதுவே விரலை வழுக்கிவிடும். பிறகு அத்தசையை முழுநீளத்துக்கு மெல்ல நீட்டி அசைக்க வேண்டும். சித்த மருத்துவத்தின் ஒன்பது வகைத் தொக்கணத்தில் தட்டல், பிடித்தல், அழுத்தலோடு அசைத்தலும் இடம்பெறுவது கவனிக்கத்தக்கது. இன்றைய மசாஜ் நிலையங்களில் பெரும்பாலும் விடுபடுவது அந்த அசைத்தல்தான்.

கிடைக்கும் பலன் நெடுநாள் நிற்பதில்லை. கீழ்முதுகு வலிக்கு மசாஜ் பற்றி 25 சோதனைகளை ஆராய்ந்த 2015ஆம் ஆண்டு காக்ரேன் மீளாய்வு, குறுகிய காலத் தணிவையே கண்டது. சான்றின் தரமும் குறைவு என்றது. தையல் இயந்திரத்தின் முன்னோ கணினியின் முன்னோ தோளைத் தூக்கியபடி மணிக்கணக்கில் அமர்பவருக்கு, இருக்கையின் உயரம் மாறாமலும் தோள்தசை வலுப்பெறாமலும் இருந்தால் அதே இடம் மறுபடி இறுகும்.

கை வைக்கக் கூடாத இடங்களும் உண்டு. கழுத்தின் முன்பக்கத்தில் முக்கிய இரத்தக்குழாய் ஓடுவதால் அங்கே ஊன்றி அழுத்தக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். நீவினால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து எடுப்பவர்களுக்கும், சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கும் ஆழமான அழுத்தம் ஆகாது. நெஞ்சடைப்பு, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றோடு இடது தோளிலும் கையிலும் வரும் வலியை வாயுப் பிடிப்பு என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. அது மாரடைப்பாக இருக்கக்கூடும் என்பதால் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.