வீட்டுக் கூரை ஆய்வு

வீட்டுக் கூரை ஆய்வு என்பது, பயிற்சி பெற்ற ஒருவர் ஒரு வீட்டின் கூரையை முறைப்படி சோதித்து, அதன் நிலையை எழுத்து மூலம் வீட்டு உரிமையாளருக்கு அறிவிக்கும் பணியாகும். கூரையின் மேலுறை மட்டுமன்றி, அதைத் தாங்கும் சட்டகம், மூட்டுக்களை மூடும் தகடுகள், மழைநீர்ப் பீலிகள், புகைபோக்கி, காற்றோட்டத் துளைகள் ஆகியனவும் இவ்வாய்வில் அடங்கும். ஐக்கிய அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் இது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. அங்கே வீடு வாங்குதல், விற்றல், காப்புறுதி செய்தல் ஆகியவற்றில் கூரை ஆய்வறிக்கைக்கு முக்கிய இடம் உண்டு. வேறு பல நாடுகளில் இப்பணியைக் கட்டிடப் பொறியாளர்களும் அளவையாளர்களும் தமது பொதுவான பணிகளுள் ஒன்றாகச் செய்கின்றனர்.

தேவை

ஒரு வீட்டின் உறுப்புக்களுள் வெயில், மழை, காற்று ஆகியவற்றின் தாக்கத்தை மிகுதியாக ஏற்பது கூரையே. ஆனால், வீட்டில் வாழ்வோரின் கண்ணில் மிகக் குறைவாகப் படுவதும் அதுவே. உட்கூரையில் ஈரக்கறை தோன்றிய பின்னரே பலர் கூரையைப் பற்றி எண்ணுகின்றனர். அந்நிலையில் நீர் பல மாதங்களாகவே உள்ளே புகுந்து கொண்டிருந்திருக்கக் கூடும். இதனால் மரம் உக்குதல், பூஞ்சணம் வளர்தல், இரும்பு துருப்பிடித்தல், வெப்பக்காப்புப் பொருள் பயனற்றுப் போதல் முதலிய விளைவுகள் ஏற்படுகின்றன.

கறை காணப்படும் இடமும் நீர் புகும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. சரிவான கூரையில் உட்புகும் நீர், கைமரத்தின் வழியாகவோ அடித்தளப் பலகையின் வழியாகவோ பல அடி தூரம் வழிந்து சென்று, தாழ்வான ஓரிடத்தில் சொட்டுகிறது. எனவே கறைக்கு நேர் மேலே உள்ள ஓடுகளை மாற்றுவதால் ஒழுக்கு நிற்காமல் போவதுண்டு. ஒழுக்கின் மூலத்தைக் கண்டறிதலே கூரை ஆய்வின் முதன்மையான பயன் எனலாம்.

ஆய்வுக்குரிய காலம்

பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ கூரையைப் பார்வையிடுவது நல்லது எனப் பரிந்துரைக்கப்படுகின்றது. பனி பொழியும் நாடுகளில் இளவேனிலும் இலையுதிர் காலமும் இதற்கு ஏற்றவை. பருவமழை பெய்யும் நாடுகளில் மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னர் ஆய்வு செய்வது பொருத்தமானது. இவை தவிர, பின்வரும் வேளைகளிலும் ஆய்வு தேவைப்படுகிறது:

- கடும் புயல், ஆலங்கட்டி மழை ஆகியவற்றுக்குப் பின்னர்
- மரக்கிளை கூரை மீது விழுந்த பின்னர்
- வீடு வாங்குவதற்கு அல்லது விற்பதற்கு முன்னர்
- சூரிய மின்தகடுகள், நீர்த்தொட்டி போன்றவற்றைக் கூரையில் பொருத்துவதற்கு முன்னர்
- காப்புறுதியைப் பெறும்போது அல்லது புதுப்பிக்கும்போது

ஆய்வு முறை

வெளிப்புற ஆய்வு

ஆய்வாளர் முதலில் தரையில் நின்று கூரையின் ஒட்டுமொத்த வடிவத்தைப் பார்க்கிறார். முகட்டுக் கோடு நேராக இல்லாமல் நடுவில் தாழ்ந்திருந்தால், சட்டகம் வலுவிழந்திருக்கலாம் என்று கொள்ளப்படும். பின்னர் ஏணி மூலம் இறவாணத்தை அடைந்து பீலிகளையும் கூரையின் விளிம்பையும் சோதிப்பார்.

வட அமெரிக்க வீடுகளில் ஆஸ்பால்ட் சிங்கிள்கள் என்னும் தார்த் தகடுகள் பரவலாகப் பயன்படுகின்றன. இத்தகடுகளின் மேற்பரப்பில் ஒட்டப்பட்டுள்ள சிறு கல் மணிகள், தாரைச் சூரியனின் புற ஊதாக் கதிர்களிலிருந்து காக்கின்றன. மணிகள் உதிர்ந்து பீலிகளில் திரண்டிருப்பது சிங்கிள்கள் முதுமையடைந்ததன் அறிகுறியாகும். விளிம்புகள் சுருளுதல், தகடுகள் பிளத்தல், ஆணிகள் மேலெழும்புதல் ஆகியனவும் பதிவு செய்யப்படும். ஆலங்கட்டி விழுந்த இடங்களில் மணிகள் நீங்கி, தகடு மென்மையாகியிருக்கும்.

கூரையின் பரந்த சரிவுகளை விட மூட்டுக்களே ஒழுக்குக்குப் பெரிதும் காரணமாகின்றன. இரு சரிவுகள் சந்திக்கும் பள்ளம், சுவரும் கூரையும் சேரும் இடம், புகைபோக்கியின் அடி, குழாய்கள் கூரையைத் துளைத்து வெளிவரும் இடம் என்பன இவற்றுள் முக்கியமானவை. இவ்விடங்களில் நீரைத் திருப்பி விடுவதற்காக உலோகத் தகடுகள் பொருத்தப்படுகின்றன. குழாய்களைச் சுற்றி இறப்பர் வளையங்கள் இடப்படுவதுண்டு. இவ்வளையங்கள் வெயிலில் வெடித்து, கூரையின் மேலுறைக்கு முன்பே பழுதடைவது வழக்கம்.

உட்புற ஆய்வு

கூரைக்கும் உட்கூரைக்கும் இடைப்பட்ட வெளியினுள் நுழைந்து பார்ப்பது ஆய்வின் இன்றியமையாத பகுதியாகும். அடித்தளப் பலகையில் உள்ள கருமையான கறைகள், துருப்பிடித்த ஆணி முனைகள், பலகை இடுக்குகளூடாகத் தெரியும் வெளிச்சம், நனைந்து அமிழ்ந்த வெப்பக்காப்பு ஆகியவற்றை ஆய்வாளர் தேடுகிறார். எல்லா ஈரமும் மழையால் வருவதன்று. காற்றோட்டம் போதாத வீடுகளில், சமையலறை, குளியலறை ஆகியவற்றிலிருந்து மேலெழும் நீராவி குளிர்ந்த பலகையில் படிந்து நீராகிறது. இதைக் கூரை ஒழுக்கு எனத் தவறாகக் கருதி, குறையில்லாத கூரையை மாற்ற நேர்வதும் உண்டு.

குளிர் நாடுகளில் காற்றோட்டக் குறைவு மற்றொரு சிக்கலையும் தோற்றுவிக்கிறது. வீட்டின் உள்வெப்பம் கூரையின் மேற்பகுதியில் உள்ள பனியை உருக்க, அந்நீர் குளிர்ந்த இறவாணத்தை அடைந்து மீண்டும் உறைந்து அணை போல் நிற்கிறது. அதன் பின்னால் தேங்கும் நீர் சிங்கிள்களுக்கு அடியில் ஏறி வீட்டினுள் புகுகிறது.

கருவிகள்

ஈரமானி, தொலைநோக்கி, வெப்பப்படக் கருவி ஆகியவை ஆய்வில் பயன்படுகின்றன. தட்டைக் கூரைகளில், சூரியன் மறைந்த பின்னர் எடுக்கப்படும் வெப்பப்படங்கள் பெரிதும் உதவுகின்றன. பகலில் பெற்ற வெப்பத்தை நனைந்த காப்புப் பொருள் மெதுவாகவே இழப்பதால், ஈரமான பகுதிகள் சூடான திட்டுக்களாகத் தெரியும். அண்மைக் காலத்தில் ஆளில்லா வானூர்திகளும் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. ஐக்கிய அமெரிக்காவில் தொழில்முறையாக இவற்றை இயக்குவோர், 2016 ஆகஸ்ட் மாதம் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். வானூர்தி எடுக்கும் படங்கள் மேற்பரப்பைத் தெளிவாகக் காட்டினாலும், காலடியில் மெத்தென்று அமிழும் பலகையை அவற்றால் உணர்த்த முடியாது.

புளோரிடாவில் கூரை ஆய்வு

ஒரு கூரையின் நிலை அவ்வீட்டில் வாழ்வோரின் பொருளாதாரத்தை எவ்வளவு பாதிக்கக் கூடும் என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் நல்ல எடுத்துக்காட்டாகும். 1992 ஆகஸ்ட் 24 அன்று தென் புளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ சூறாவளி பல்லாயிரக்கணக்கான வீடுகளை அழித்தது. பின்னர் நடந்த ஆய்வுகளில், பல வீடுகளின் கூரைப் பலகைகள் கைமரங்களுடன் சரியாகப் பிணைக்கப்படாதிருந்தது தெரிய வந்தது. இதன் விளைவாகக் கட்டிட விதிகள் கடுமையாக்கப்பட்டன. 2002 மார்ச் 1 முதல் மாநிலம் முழுமைக்கும் ஒரே கட்டிட விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது.

இம்மாநிலத்தில் புயற்காற்றைத் தாங்கும் திறனுக்கான ஆய்வு எனத் தனியான ஒரு வகை உண்டு. இதில் கூரையின் மேலுறை, அடித்தளப் பலகையைப் பிணைக்கும் ஆணிகளின் அளவும் இடைவெளியும், கூரையும் சுவரும் இணைக்கப்பட்டுள்ள முறை, கூரையின் வடிவம், மேலுறைக்கு அடியில் உள்ள இரண்டாவது நீர்த்தடுப்பு, கதவு சன்னல்களின் பாதுகாப்பு ஆகியவை படங்களுடன் பதியப்படுகின்றன. கைமரம் சாய்வாக அடிக்கப்பட்ட ஆணிகளால் மட்டும் சுவருடன் இணைக்கப்பட்டிருந்தால் அது வலுக்குறைந்த அமைப்பாகவும், உலோகப் பட்டை கைமரத்தைச் சுற்றிப் பிணைக்கப்பட்டிருந்தால் வலுவான அமைப்பாகவும் கருதப்படுகிறது. இருசரிவுக் கூரையை விட நான்கு பக்கமும் சரியும் கூரை காற்றை நன்கு தாங்கும். இவ்வம்சங்களைக் கொண்ட வீடுகளுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம்.

காப்புறுதி நிறுவனங்கள் பழைய கூரைகளைக் கொண்ட வீடுகளை ஏற்க மறுத்ததால், 2022 மே மாதத்தில் மற்றொரு சட்டம் இயற்றப்பட்டது. இதன்படி, 15 ஆண்டுகளுக்குக் குறைந்த வயதுடைய கூரையை, அதன் வயதை மட்டுமே காரணம் காட்டி நிறுவனம் மறுக்க முடியாது. 15 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகியிருந்தால், கூரையை மாற்றும்படி கோருவதற்கு முன்னர், உரிமையாளர் தமது செலவில் தகுதி பெற்ற ஆய்வாளர் மூலம் சோதிக்க வாய்ப்பளிக்க வேண்டும். கூரைக்கு இன்னும் 5 ஆண்டுகள் அல்லது அதற்கு மேற்பட்ட பயன்பாட்டுக் காலம் உண்டு என அறிக்கை கூறுமாயின், வயதை மட்டும் கொண்டு காப்புறுதியை மறுத்தல் ஆகாது. இவ்வாறு ஓர் ஆய்வறிக்கை, ஒரு குடும்பம் பெருந்தொகை செலவிட்டுப் புதிய கூரை அமைக்க வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும் ஆவணமாகிவிடுகிறது.

கான்கிரீட்டுக் கூரைகள்

மேற்கூறிய முறைகள் பெரும்பாலும் மரச்சட்டகக் கூரைகளுக்கு உரியவை. தமிழ்நாட்டு நகரங்களில் பரவலாக உள்ள இரும்புக்கம்பியிட்ட தட்டைக் கான்கிரீட்டுக் கூரைகளில் பழுதின் இயல்பு வேறானது. இங்கே மேற்றளத்தின் வாட்டம், நீர் வெளியேறும் குழாய் வாய்கள், தட்டோடுகளின் இணைப்பு, கைப்பிடிச் சுவரின் அடி ஆகியவை முதலில் பார்க்கப்படுகின்றன. வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் விரிசல் தோன்றுவது வழக்கம். அவ்விரிசல்களில் முளைக்கும் அரச மரக் கன்றுகளின் வேர்கள் அவற்றை மேலும் அகலமாக்குகின்றன.

உள்ளே இறங்கும் நீர் கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, அது உருவான இரும்பை விடப் பல மடங்கு இடத்தை அடைத்துக் கொள்வதால், கான்கிரீட்டை உள்ளிருந்து நெருக்கிப் பிளக்கிறது. கம்பியின் வழியே நீண்டு செல்லும் விரிசல், பழுப்பு நிறக் கறை, சுத்தியலால் மெல்லத் தட்டும்போது எழும் பொள்ளல் ஒலி ஆகியவை இதன் அறிகுறிகள். இந்நிலையில் அடிப்பகுதியைச் சிமெந்தால் பூசி மறைப்பது பயன் தராது; துரு பூச்சுக்கு உள்ளே தொடர்ந்து வளரும். இத்தகைய தளத்தைக் கட்டிடப் பொறியாளர் ஒருவரே சோதிக்க வேண்டும்.

ஒழுக்கைக் கண்டறியத் தளத்தில் பாத்தி கட்டி நீர் தேக்கும் முறையும் உண்டு. 10 செ.மீ ஆழமுள்ள நீர் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோகிராம் எடையை ஏற்றுவதால், ஏற்கனவே வலுவிழந்த தளத்தில் இச்சோதனையைத் தவிர்ப்பது நல்லது.

பாதுகாப்பு

கூரையிலிருந்து விழுதல் கட்டிடத் தொழிலில் உயிரிழப்புக்கு ஒரு முக்கிய காரணமாகும். ஐக்கிய அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு விதிகளின்படி, கட்டுமானப் பணிகளில் 6 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் வேலை செய்வோருக்கு விழாமற் காக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். ஏணியைச் சாய்க்கும்போது, 4 அடி உயரத்துக்கு 1 அடி என்னும் அளவில் அதன் அடியைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பதும், ஏணியின் நுனி கூரை விளிம்புக்கு மேல் 3 அடி நீண்டிருப்பதும் முறை.

கல்நார்த் தகடுகள் பழைமையடையும்போது நொறுங்கும் இயல்புடையவை. அவற்றின் மீது நேரடியாக நடப்பவர் தகடு உடைந்து கீழே விழ நேரிடும். மேலும், அவற்றைத் துளைத்தல், அறுத்தல், அழுத்த நீரால் கழுவுதல் ஆகியவற்றால் வெளிப்படும் கல்நார் இழைகள் சுவாசத்துடன் உட்சென்று நுரையீரல் நோய்களையும் புற்றுநோயையும் உண்டாக்குகின்றன. ஆதலால் இத்தகைய கூரைகளை ஏணியில் நின்றோ தொலைவிலிருந்தோ பார்வையிடுவதே பாதுகாப்பானது.

ஆய்வறிக்கையும் நடுநிலையும்

நல்ல ஆய்வறிக்கை, கூரையின் பொருள், சோதித்த முறை, காணப்பட்ட குறைகள், அவற்றின் இடம், செய்ய வேண்டிய திருத்தம், திருத்தத்தின் அவசரம் ஆகியவற்றைப் படங்களுடன் தரும். பார்க்க இயலாத பகுதிகள் எவை என்பதையும் அது குறிப்பிட வேண்டும். பனி மூடிய கூரையையோ மிகச் செங்குத்தான கூரையையோ ஆய்வாளர் தரையிலிருந்தே பார்த்திருக்கலாம். அதை அறியாமல் அறிக்கையை நம்புவது ஏமாற்றத்தில் முடியும்.

ஆய்வு செய்பவரே பழுதுபார்ப்பவராகவும் இருக்கும்போது, தேவைக்கு மிகுதியான வேலையைப் பரிந்துரைக்கும் தூண்டுதல் அவருக்கு ஏற்படலாம். புயலுக்குப் பின்னர் வீடு வீடாகச் சென்று இலவச ஆய்வு செய்து தருவதாகக் கூறுவோரிடம் எச்சரிக்கையாக இருக்குமாறு நுகர்வோர் அமைப்புக்கள் அறிவுறுத்துவது இதனாலேயே. 1976 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அமெரிக்க வீட்டு ஆய்வாளர் சங்கத்தின் ஒழுக்க நெறி, தாம் ஆய்வு செய்த வீட்டின் உறுப்புக்களை ஓராண்டு வரை தாமே கட்டணம் பெற்றுத் திருத்துவதை அதன் உறுப்பினர்களுக்குத் தடை செய்கிறது.

வரம்புகள்

கூரை ஆய்வு பெரும்பாலும் கண்ணால் பார்த்துச் செய்யப்படுவது. அது ஆய்வு நடந்த நாளின் நிலையை மட்டுமே கூறும். எதிர்காலத்துக்கான உத்தரவாதம் அன்று. எஞ்சியுள்ள பயன்பாட்டுக் காலமும் ஒரு மதிப்பீடே. எனவே அடுத்தடுத்த ஆண்டுகளின் அறிக்கைகளையும் படங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது, தனியொரு அறிக்கையைக் காட்டிலும் கூரையின் போக்கைத் தெளிவாக உணர்த்தும்.

இவற்றையும் பார்க்கவும்

- கூரை
- ஓடு
- கல்நார்
- கான்கிரீட்டு
- காப்புறுதி