டீம் பாத் வலைப்பந்து அணி

டீம் பாத், இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைத் தாய்வீடாகக் கொண்ட மகளிர் வலைப்பந்து அணி. நீலமும் பொன்னும் அதன் நிறங்கள். 2005இல் தொடங்கிய நெட்பால் சூப்பர்லீக்கின் முதல் எட்டு அணிகளுள் ஒன்றாக இறங்கி, 2024 வரை ஒரு பருவமும் விடாமல் ஆடி, ஐந்து முறை பட்டம் வென்றது.

வலைப்பந்து பிறந்ததே ஒரு கல்லூரியில்தான். 1890களில் ஸ்வீடனைச் சேர்ந்த மார்ட்டினா பெர்க்மன் ஓஸ்டர்பெர்க், லண்டனின் ஹாம்ஸ்டெட் பகுதியில் பெண்களுக்கான உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றை நடத்திவந்தார். அமெரிக்காவிலிருந்து வந்த கூடைப்பந்து அங்கே உருமாறத் தொடங்கியது. 1895இல் கல்லூரி டார்ட்ஃபோர்டுக்கு இடம்பெயர்ந்த பிறகு அது தனி ஆட்டமாகவே வளர்ந்தது. அங்கே படித்த பெண்கள் ஆசிரியைகளாகப் போன இடமெல்லாம் ஆட்டமும் கூடவே போனது. ஆகவே பல்கலைக்கழக அணி ஒன்று இந்த ஆட்டத்தின் உச்சிக்கு வந்ததைப் புதுமை என்று சொல்ல முடியாது. அது பிறந்த வீட்டுக்குத் திரும்பியதாகவே கொள்ளவேண்டும்.

ஆட்டத்தின் கடுமையைப் பார்த்தால்தான் பயிற்சிக்கூடத்தின் அருமை விளங்கும். ஓர் அணிக்கு ஏழு பேர். அவரவர் இடத்தைச் சொல்லும் ஆங்கில எழுத்துகள் மேலங்கியில் பெரிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்துக்குரிய பகுதியைத் தாண்டி யாரும் கால்வைக்கக் கூடாது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கைக்கு வந்த பந்தை மூன்று நொடிக்குள் விட்டுவிட வேண்டும். கோல் ஷூட்டர், கோல் அட்டாக் ஆகிய இருவர் மட்டுமே வளையத்தில் போடலாம். வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கூடைப்பந்தில் இருப்பதுபோல் பின்னால் பலகை கிடையாது. குறி சற்றே பிசகினாலும் பந்தைத் திருப்பி உள்ளே தள்ளிவிட எதுவும் இல்லை. எதிரே 0.9 மீட்டர் தள்ளி நிற்கும் தடுப்பாட்டக்காரரின் விரல்கள் முகத்துக்கு மேல் விரிந்திருக்க, பந்தைத் தலைக்குமேல் தூக்கி, முழங்காலை ஒருமுறை மடித்து நிமிர்ந்து விடவேண்டும். அந்த ஓர் அசைவை ஆயிரக்கணக்கான தடவை செய்து பழக ஒரு கூடம் வேண்டும், நல்ல தரை வேண்டும், உடன் நின்று பார்க்க ஆள் வேண்டும்.

அதைத்தான் பாத் கொடுத்தது. 1966இல் சாசனம் பெற்ற இப்பல்கலைக்கழகம், நகருக்கு மேலே கிளாவர்ட்டன் டவுன் குன்றில் பெரிய விளையாட்டு வளாகத்தைக் கட்டி, தன் அணிகள் அனைத்துக்கும் டீம் பாத் என்று பொதுப்பெயர் வைத்தது. நியூசிலாந்தின் முன்னாள் வீராங்கனையும் பயிற்சியாளருமான லின் கன்சன், தொடக்க ஆண்டுகளில் வலைப்பந்துத் திட்டத்தை வழிநடத்தினார்.

பலன் உடனே கிடைத்தது. 2005-06இல் முதல் பட்டம், 2006-07இல் இரண்டாவது. அடுத்த ஆண்டு மேவரிக்ஸ் அணி பட்டத்தைப் பறித்தது. 2008-09, 2009-10 பருவங்களில் பாத் மீண்டும் அடுத்தடுத்து வென்றது. ஐந்தாவது பட்டம் 2013இல், வேல்ஸின் செல்டிக் டிராகன்ஸ் அணியை இறுதியாட்டத்தில் வீழ்த்தியபோது வந்தது. அதற்குப் பிறகு பட்டம் வரவே இல்லை. 2021இல் மட்டும் மிக அருகே வந்தது. அந்த இறுதியாட்டத்தில் எதிரே நின்றதும் இன்னொரு பல்கலைக்கழக அணியான லஃப்பரோ லைட்னிங். அதற்கு அதுவே முதல் பட்டம்.

கோப்பைகளைவிட, இந்த அணி உருவாக்கிய பெண்களே அதன் பெரிய சாதனை. பமீலா குக்கி பாத்துக்கும் இங்கிலாந்துக்கும் தலைமை தாங்கினார். ஜெர்சி தீவிலிருந்து இளம்வயதில் வந்த செரீனா கத்ரி, நடுக்களத்தை ஆளும் சென்டராக வளர்ந்து நாட்டின் அணித்தலைவியானார். எபோனி உசோரோ-பிரவுன் வழக்கறிஞர் தொழிலைச் செய்துகொண்டே தடுப்பாட்டத்தைத் தாங்கினார். 2020இல் தாயானவர், மறு பருவமே களத்துக்குத் திரும்பினார். 2018இல் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியின் இறுதியில் இங்கிலாந்து 52-51 என ஆஸ்திரேலியாவை வென்று தங்கம் பெற்றபோது, கத்ரியும் உசோரோ-பிரவுனும் அந்த அணியில் இருந்தார்கள். டீம் பாத்தின் தலைவியாகவும் பின்னர் பயிற்சியாளராகவும் இருந்த ஜெஸ் தர்ல்பி, 2019இல் தேசிய அணியின் பொறுப்பை ஏற்றார். அவர் பயிற்சியில்தான் 2023 கேப் டவுன் உலகக் கோப்பையில் இங்கிலாந்து முதன்முறையாக இறுதியாட்டத்தை எட்டியது.

இதே பெயரில் இருந்த ஆண்கள் கால்பந்து அணியையும் இங்கே சொல்லவேண்டும். அது 2002இல் எஃப்.ஏ. கோப்பையின் முதல் சுற்று வரை போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பிறகு எந்தப் பல்கலைக்கழக அணியும் அவ்வளவு தூரம் போனதில்லை. ஆனால் அதன் அமைப்பு மேல்நிலை லீக்குகளின் விதிகளுக்குப் பொருந்தாது என்று ஆனதால் 2009இல் கலைக்கப்பட்டது.

வலைப்பந்து அணிக்கு அப்படியொரு தடை வெகுகாலம் வரவில்லை. 2025 முதல் லீக்கை முழுநேரத் தொழில்முறைப் போட்டியாக்கும் நோக்கில் உரிமங்கள் புதிதாக வழங்கப்பட்டன. எட்டு இடங்களுள் ஒன்று லஃப்பரோவுக்குக் கிடைத்தது. பர்மிங்ஹாம் பாந்தர்ஸ், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஆகிய புதிய அணிகள் உள்ளே வந்தன. இருமுறை பட்டம் வென்ற சர்ரே ஸ்டார்ம் வெளியே போனது. டீம் பாத்தும் போனது. தொழில்முறைக்கு மாறவேண்டியது அவசியம்தான், வீராங்கனைகளுக்கு உரிய ஊதியம் கிடைக்கவேண்டும் என்பதில் மறுபேச்சில்லை. ஆனாலும், சூப்பர்லீக்கின் முதல் கோப்பையைத் தூக்கிய அணிக்கு அதில் இடமில்லாமல் போனது பெரிய இழப்பு. இங்கிலாந்தின் தென்மேற்கில் வளரும் ஒரு சிறுமி, சூப்பர்லீக் ஆட்டம் ஒன்றை நேரில் காண இப்போது வேறு வட்டாரத்துக்குப் பயணம் போகவேண்டியிருக்கிறது.