படியெடுத்த இறுவட்டும் பாடபேதமும்: கண்டியில் சிறுவர் கல்விக் கணினி விளையாட்டுகளை மீட்பது பற்றி

2015 ஜனவரியில் இன்டர்நெட் ஆர்கைவ் என்னும் மின்னாவணகம் ஏறத்தாழ 2,400 டாஸ் காலத்து விளையாட்டுகளை உலாவியிலேயே ஆடும்படி திறந்துவிட்டது. பழைய கணினியைப் போலவே இயங்கிக்காட்டும் டாஸ்பாக்ஸ் போன்ற போன்மிப்பிகள் அதற்குப் பத்தாண்டுகளுக்கு மேலாகவே புழக்கத்தில் இருந்தன. ஆனால் அவற்றை நிறுவி இயக்கப் பொறுமையும் ஓரளவு தொழில்நுட்ப அறிவும் வேண்டியிருந்தது. இப்போது கட்டுகஸ்தோட்டையிலோ கம்பளையிலோ இருக்கும் நாற்பது வயதுக்காரர் ஒருவர், பள்ளிப் பருவத்தில் கணக்குப் போட்டு எதிரியைச் சுட்ட விளையாட்டைத் தம் பிள்ளைக்குச் சில நிமிடங்களில் காட்டிவிடலாம். பிள்ளை சற்று நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவதும் உண்டு. அதைத் தலைமுறை இடைவெளி என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அந்த விளக்கம் போதாது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. திரும்பக் கிடைத்திருப்பது நிரல் மட்டுமே. கண்டியில் கற்றல் நிகழ்ந்த இடம் நிரலுக்கு வெளியே இருந்தது. எனவே இங்கே காக்கப்பட வேண்டிய அலகு விளையாட்டின் தலைப்பு அன்று. இவ்வூரில் படியெடுக்கப்பட்டு இவ்வூரில் ஆடப்பட்ட இறுவட்டு.

இலங்கையில் வணிக இணையம் 1995இல் வந்தது. அதை அடுத்த பத்தாண்டுகளில் கண்டி நகரின் நடுத்தரக் குடும்பங்களுக்குக் கணினி வீட்டுப் பொருளாகியது. வீட்டில் இல்லாதவர்களுக்குக் கணினி வகுப்பும் கொமியுனிகேசன் கடையும் இருந்தன. விளையாட்டுகள் இணையத்தால் வரவில்லை. தொலைபேசி இணைப்பின் வேகத்துக்கு அது கட்டுப்படியாகாது. அவை இறுவட்டுகளில் வந்தன. உறையும் கையேடும் கொண்ட அசல் பெட்டியை அன்றைய சிறுவர்களான நாங்கள் கண்டதில்லை. ஒரே வட்டில் பல நிரல்களைத் திணித்து, மேலே நீல மையால் பெயர் எழுதி, கடையிலிருந்து வகுப்புக்கும் வகுப்பிலிருந்து வீட்டுக்கும் கைமாறிய படிகளே எங்களுக்குத் தெரிந்த பதிப்பு. இடையில் மின்வெட்டு வேறு. பொல்கொல்லை அணை 1976இலும் விக்டோரியா 1985இலும் எழுந்து, நாட்டின் நீர்மின்சாரத்தில் பெரும்பங்கு கண்டியைச் சுற்றியே பிறந்தது. ஆயினும் 1996இலும் 2001இலும் நீர்த்தேக்கங்கள் வற்றியபோது, சேமிக்காமல் விட்ட ஆட்டம் மகாவலியின் கரையிலும் பாதியில்தான் போனது.

சிறுவர் மென்பொருள்களின் பண்பாட்டு வரலாற்றை எழுதிய மிசுக்கோ இட்டோ, 2009இல் வெளிவந்த ‘எஞ்சினியரிங் ப்ளே’ என்னும் நூலில் அவற்றை மூன்று வகையாகப் பார்க்கிறார்: பாடப் பயிற்சியை மையமாகக் கொண்டவை, பொழுதுபோக்கை மையமாகக் கொண்டவை, பிள்ளைகள் தாமே ஒன்றை உருவாக்க இடம் தருபவை. அமெரிக்கச் சந்தைக்கு இப்பகுப்பு நன்கு பொருந்தும். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக விளம்பரமும் வாங்கும் பெற்றோரும் அங்கு இருந்தனர். கண்டியில் இப்பகுப்பு நிற்பதில்லை. பெட்டியில் என்ன எழுதியிருந்தது என்பதே தெரியாத இடத்தில், ஒரு நிரலின் வகையைத் தீர்மானித்தது அதன் முன்னால் உட்கார்ந்த கூட்டம்.

மைக்ரோசாஃப்டின் என்கார்ட்டா இதற்குச் சிறந்த சான்று. 1993இல் தொடங்கி 2009இல் நிறுத்தப்பட்ட அந்தக் கலைக்களஞ்சியத்துக்குள் மைண்ட்மேஸ் என்றொரு வினா விளையாட்டு இருந்தது. பழைய கோட்டை ஒன்றின் அறைகள். விடை சரியானால் கதவு திறக்கும். விடை தெரியாதவர் களஞ்சியத்தைப் புரட்டித் தேடலாம். வடிவமைத்தவர்கள் மனத்தில் கொண்டது தன் மொழியில் தனியே வாசிக்கும் ஒரு பிள்ளையை. எங்கள் திரையின் முன்னால் நான்கைந்து பேர் இருந்தோம். சுட்டியைப் பிடித்திருந்தவருக்கு ஆங்கிலம் வராது. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவருக்குச் சுட்டி கிடைக்காது. கேள்வியை ஒருவர் உரக்க வாசிப்பார், இன்னொருவர் தமிழில் சொல்வார், சிங்கள மொழிமூலத்தில் படித்த பக்கத்து வீட்டு நண்பனுக்காக மூன்றாமவர் அதைச் சிங்களத்தில் திருப்புவார். அதற்குள் நால்வரும் நான்கு விடைகளுக்காக வாதாடி முடித்திருப்பார்கள். ஐரோப்பிய அரசர் ஒருவரின் பெயர் பற்றிய கேள்வியில் எங்களுக்குக் கிடைத்த வரலாற்று அறிவு சொற்பம். கேள்வியைக் கூறுபோட்டுப் பார்க்கவும், பொருந்தாத விடையை முதலில் தள்ளவும், ஒரே கருத்தை மும்மொழியில் நிறுத்திப் பார்க்கவும் அங்கே பழகினோம். அது நிரலின் பாடத்திட்டத்தில் இல்லாத கல்வி. அதே மைண்ட்மேஸை இன்று போன்மிப்பியில் தனியே திறந்தால் கோட்டை இருக்கிறது, கதவுகளும் இருக்கின்றன. வாதாட ஆள் இல்லாததால் கேள்விகள் வெறும் கேள்விகளாகக் கிடக்கின்றன.

தட்டச்சுப் பயிற்சி நிரலான மேவிஸ் பீக்கனின் கதை வேறு விதமானது. 1987இல் சாஃப்ட்வேர் டூல்வொர்க்ஸ் வெளியிட்ட இதன் அட்டைப் படத்தில் இருந்த பெண்மணியை உண்மையான ஆசிரியை என்றே உலகெங்கும் நம்பினார்கள். மேவிஸ் பீக்கன் என்று எவரும் இருந்ததில்லை. படத்துக்கு நின்றவர் ஹெயிட்டியில் பிறந்த ரெனே லெஸ்பெரான்ஸ். இந்நிரல் பழக்கியது ஆங்கில விசைப்பலகையை. ஆனால் அதே விரல்கள் பின்னர் தமிழ் அடிக்கப் போனபோது சந்தித்தது பாமினி எழுத்துருவை. அது ஒருங்குறி அன்று. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்த ஏற்பாடு. ‘தமிழ்’ என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து விசைகளைத் தட்ட வேண்டும். எழுத்துரு இல்லாத கணினியில் திரையில் தெரிவதும் அந்த ஐந்துமே. கண்டியின் அச்சகங்களிலும் வகுப்புகளிலும் வேலை தேடிய பலருக்கு மேவிஸ் பீக்கன் சொன்ன விரல்நிலை பாமினியின் வழியாகவே பிழைப்பானது. எந்த நிரல் எதைக் கற்பித்தது என்று தலைப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பாமினி இன்னொரு சிக்கலுக்கும் இட்டுச்செல்கிறது. வெளியூர் விளையாட்டுகளோடு நாட்டிலேயே ஆக்கப்பட்ட தமிழ்ப் பாட இறுவட்டுகளும் கைமாறின. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை நோக்கிய வினாப் பயிற்சிகள், அரிச்சுவடி, பெருக்கல் வாய்பாடு. கலைநயத்தில் இவற்றுக்குப் பெரிய மதிப்பெண் தர முடியாது; சரியான விடைக்குக் கைதட்டல் ஒலியும் தவறான விடைக்கு ஒரு முரட்டுச் சத்தமும் எழும், அவ்வளவுதான். ஆனாலும் இலங்கைப் பாடத்திட்டத்தை, இலங்கைத் தமிழில், இலங்கைப் பிள்ளைக்காகக் கணினியில் ஏற்றிய முதல் முயற்சிகள் இவையே. இவற்றின் ஆயுள் மூன்று பக்கமிருந்தும் அறுக்கப்படுகிறது. எழுதக்கூடிய இறுவட்டின் சாயப் படலம் வெப்பத்திலும் ஈரத்திலும் கெடும்; கண்டியின் மழைக்காலம் எந்தப் படலத்துக்கும் உகந்ததன்று. அக்காலத்தில் இத்தகைய ஆக்கங்களுக்குப் பரவலாகப் பயன்பட்ட கருவிகளில் டைரக்டரின் விற்பனை 2017இல் நின்றது, ஃப்ளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31இல் முடிந்தது. தமிழ் வரிகள் பாமினி போன்ற எழுத்துருக்களில் இருப்பதால், உரிய எழுத்துருக் கோப்பு கூடவே கிடைக்காவிட்டால் வட்டு பிழைத்தாலும் வாசகம் பிழைக்காது. ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தது. இலங்கையின் தமிழ் எழுத்துத் தரமான எஸ்எல்எஸ் 1326 வந்தது 2008இல். இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளின் தமிழ் மென்பொருள் பெரும்பாலும் இந்தப் பள்ளத்தில்தான் விழுந்து கிடக்கிறது.

அமெரிக்கக் கல்வி விளையாட்டுகளின் தாய் எனப்படும் ‘ஒரிகன் ட்ரெயில்’ எப்படிப் பிழைத்தது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். 1971இல் மினியாபொலிஸ் நகரில் மூன்று பயிற்சி ஆசிரியர்கள் அதை எழுதினார்கள். தவணை முடிந்ததும் பள்ளிக் கணினியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர்களுள் ஒருவரான டொன் ராவிட்ஷ் நிரலை அச்செடுத்து வைத்திருந்தார். 1974இல் மினசோட்டா மாநிலக் கல்விக் கணினிக் கூட்டமைப்பில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தத் தாளைப் பார்த்தே மறுபடி தட்டச்சு செய்து ஏற்றினார். 1978இல் நிரல் சஞ்சிகை ஒன்றில் அச்சாகவும் செய்தது. ஆக, அதைக் காப்பாற்றியவை ஒரு தாளும் ஒரு பொது நிறுவனமும். அத்தகைய வாய்ப்புள்ள நாட்டிலேயே, வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு சட்டபூர்வமாக வாங்கக் கிடைப்பதில்லை. தாளும் நிறுவனமும் இல்லாத கண்டி இறுவட்டுகளின் கதியை ஊகிக்கக் கணக்கெடுப்பு தேவையில்லை.

தமிழ் ஆய்வுலகுக்கு இச்சிக்கல் புதிதன்று. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏடு தேடி அலைந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது மூலநூல் அன்று, படிகள். எழுதியவர் கைப்பட்ட பிழைகள், விடுபட்ட அடிகள், இடைச்செருகல்கள், கடைசியில் படியெடுத்தவர் பெயரும் நாளும். அவற்றை ஒப்பிட்டே பாடபேதம் காணப்பட்டது. படி தாழ்ந்தது என்று எவரும் அதை எறிந்துவிடவில்லை. யார் கையில் எந்த நூல் எப்படிப் புழங்கியது என்பதற்கு அந்தப் படியே சான்று. படியெடுத்த இறுவட்டையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும் என்கிறேன். ஒரே வட்டில் எந்தெந்த நிரல்கள் சேர்க்கப்பட்டன, இடம் போதாமல் எந்த ஒலிக் கோப்புகள் கழிக்கப்பட்டன, நிறுவும் முறையை விளக்க எந்த மொழியில் குறிப்புக் கோப்பு வைக்கப்பட்டது என்பன யாவும் நூலக அட்டவணையில் ‘மேவிஸ் பீக்கன், 1987’ என்ற ஒற்றை வரியால் அழிந்துபோகும் தகவல்கள். அமெரிக்கப் பிரதி ஒன்றை எங்கிருந்தும் இறக்கிக்கொள்ளலாம். கண்டிப் படி இனிமேல் எங்கும் உருவாகாது.

இதற்கு எழும் முதல் மறுப்பு சட்டம் சார்ந்தது. இந்தப் படிகளில் மிகப்பெரும்பாலானவை உரிமம் பெறாதவை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலை இலக்கிய ஆக்கங்களோடு சேர்த்துப் பாதுகாக்கிறது. சட்டப்படி நிரலை வைத்திருப்பவர் காப்புப் படி எடுக்கவும், இலாப நோக்கற்ற நூலகம் தன்னிடமுள்ள ஆக்கம் அழியாதிருக்கப் படியெடுக்கவும் அது வழிவிடுகிறது. தொடக்கமே உரிமமற்ற படியாக இருந்தால் இவ்விலக்குகள் எவ்வளவு தூரம் துணைவரும் என்பது வழக்கறிஞர்கள் பேசித் தீர்க்க வேண்டியது. ஆனால் உள்ளூரில் ஆக்கப்பட்டவை விடயத்தில் இந்தத் தடை இல்லை. ஆக்கியவர்கள் இங்கேயே இருக்கிறார்கள், கேட்டால் அனுமதி தரக்கூடியவர்கள். முதலில் கை வைக்க வேண்டியது அங்கேதான்.

யார் கை வைப்பது? கண்டிக்கு இதில் ஒரு தனி வாய்ப்பு உண்டு. நாட்டில் அச்சாகும் நூல்களின் சட்டபூர்வ வைப்புப் படிகளைப் பெறும் நூலகங்களுள் பேராதனைப் பல்கலைக்கழக நூலகமும் ஒன்று. அதே கூரையின் கீழ் பெரிய ஓலைச்சுவடித் தொகுப்பும் இருக்கிறது. வைப்புமுறைக்கு அடிப்படையான அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டம் 1885இல் பிறந்தது. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை அச்சேற்றியதும் அதே ஆண்டுதான். அச்சகத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்தச் சட்டம் பாடநூலைப் பிடித்துவைக்கிறது. பாடநூலின் அடுத்த உருவமான இறுவட்டைத் தானாகப் பிடிப்பதில்லை. 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்கள், இதழ்கள், பிரசுரங்களுக்குச் செய்திருக்கும் பணி, தன்னார்வ முயற்சியால் எவ்வளவு முடியும் என்பதைக் காட்டிவிட்டது. ஆனால் மென்பொருளைக் காப்பது பக்கத்தை வருடுவது போன்றதன்று. வட்டின் முழுப் படிமம், எழுத்துரு, அது ஓடிய இயங்குதளம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஆவணம்.

வர்க்கம் பற்றிய மறுப்பு இன்னும் கடுமையானது. நகரத்துப் பிள்ளைகள் சிலரின் இளமை ஏக்கத்துக்கு ஆய்வு முலாம் பூசுவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நகரிலிருந்து சில கிலோமீற்றரில் ஹந்தானைத் தோட்டம் இருக்கிறது. லயத்துப் பிள்ளைகள் பலர் கணினியை முதலில் தொட்டது, தகவல், தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் 2003இல் அமைந்த பிறகு வந்த நெனசல போன்ற பொது நிலையங்களிலும் பாடசாலைக் கணினி அறைகளிலும்தான். அவர்களுக்கு மேவிஸ் பீக்கன் இழந்த சொத்து அன்று, கிடைக்காத சொத்து. ஆனால் இதுவே இறுவட்டை அலகாகக் கொள்ள வலுவான காரணம். தலைப்புகளைச் சேகரித்தால் எல்லோரும் ஒன்றையே ஆடினார்கள் என்ற பொய்த்தோற்றம் எழும். படிகளைச் சேகரித்தால் எது எங்குவரை போனது, எங்கே நின்றது என்பது தெரியும். ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இன்று தேயிலை அருங்காட்சியகமாக நிற்கிறது. உருளைகளும் உலர்த்திகளும் அங்கே மினுக்கித் துடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. கொழுந்து பறித்த கைகளைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை. நிரலை மட்டும் காக்கும் மென்பொருள் ஆவணகமும் அதே வகைதான்.

ஹந்தானை மலையின் பெயரைத் தாங்கிய ஹந்தான லினக்ஸ் 2009இல் முதலில் வெளியானது. ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்ட இந்த இலங்கை இயங்குதளம் கல்வி மென்பொருள்களைச் சேர்த்தே வந்தது. கட்டற்ற மென்பொருள் ஆதலால் படியெடுப்பது குற்றம் அன்று, உரிமை. கட்டற்ற உலகின் சிறுவர் செயலிகளான டக்ஸ் பெயிண்ட், ஜிகாம்ப்ரிஸ் போன்றவற்றைத் தன்னார்வலர்கள் தமிழாக்கியும் இருக்கிறார்கள். சட்டச் சிக்கல் இல்லை, மூலநிரல் திறந்திருக்கிறது, எழுத்தும் ஒருங்குறி. பேராதனையில் ஒரு சோதனைத் தொகுப்பைத் தொடங்க இதைவிட எளிய பொருள் கிடைக்காது. முறை பழகியபின் பாமினிக் கால இறுவட்டுகளுக்குப் போகலாம். அவற்றுக்குத்தான் அவகாசம் குறைவு.

அட்டவணைப் பதிவில் என்ன இருக்க வேண்டும்? தலைப்பு, ஆண்டு, நிறுவனம் ஆகிய மூன்றோடு நிற்காமல், வட்டின் மேல் கையால் எழுதப்பட்டதை எழுத்துப் பிசகாமல் பெயர்த்தெழுத வேண்டும். கோப்புகளின் நாளும் நேரமும் படிமத்தோடு காக்கப்பட வேண்டும். படியெடுத்த காலத்துக்கு அதுவே கல்வெட்டுச் சான்று. வட்டைத் தந்தவரிடம் அதை எந்த இடத்தில், எத்தனை பேர் சேர்ந்து, எந்த மொழியில் பேசிக்கொண்டு ஆடினார்கள் என்று கேட்டு ஒலிப்பதிவு செய்து, அதே இலக்கத்தின் கீழ் வைக்க வேண்டும். பதிப்பாளர் என்ற இடத்தில் அமெரிக்க நிறுவனத்தின் பெயரும், படியெடுத்தவர் என்ற தனி இடத்தில் தெரிந்தால் கடையோ வகுப்போ இருந்த தெருவின் பெயரும் வரலாம். ஆளின் பெயர் வேண்டாம். உரிமமற்ற படி எடுத்தவரைக் காட்டிக்கொடுக்கும் பதிவேடாக அது ஆகிவிடக் கூடாது. ஏட்டின் ஈற்றில் பெயரெழுதிய எழுத்தருக்கு இந்தக் கவலை இருந்ததில்லை.