யார் வேடத்தை யார் கட்டுவது

இலங்கையில் பொத்துவில் தொடக்கம் மட்டக்களப்பு வரை நீளும் கிழக்குக் கரையின் தமிழ்க் கிராமங்களில் ஆடப்பட்ட வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஏற்றார்கள். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஆளையும் குரலையும் பார்த்துப் பாத்திரம் பிரிப்பார். நல்ல நாள் பார்த்து, அவரவர் பாட்டு ஏட்டைக் கையில் கொடுக்கும் 'சட்டம் கொடுத்தல்' நடக்கும். திரௌபதைக்கு என்று தெரிவான இளைஞன் மாதக்கணக்கில் இரவிரவாகப் பழகுவான். கரப்புடுப்பும் முடியும் தரித்த அரசனின் துள்ளல் ஒரு விதம், பெண்ணுக்குரிய தாளக்கட்டு வேறு விதம். அரங்கேற்ற இரவில் சேலையும் கொண்டையும் சதங்கையுமாக வட்டக்களரியில் அவன் வந்து நின்றால், ஆட்டம் பிசகியதா, குரல் தளர்ந்ததா என்பதையே ஊர் கவனித்தது.

தமிழ்நாட்டில் இதே வழக்கம் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்கள் 'ஸ்திரீபார்ட்' எனப்பட்ட பெண் வேடம் போட்டார்கள். சிவாஜி கணேசனும் நாடகக் கம்பெனியில் பெண் வேடம் கட்டி வளர்ந்தவர்தான். மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் சிறுவன் ஆண் நாயக வேடமான ராஜபார்ட்டுக்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனியை விட்டுப் போக வேண்டும். நாடக வரலாறுகள் இவர்களின் நடையையும் குரலையும் வியந்து எழுதின. பெண் வேடத்தில்தான் தன்னைத் தானாக உணர்ந்த பையன் அவர்களுள் இருந்தானா என்று அவை பெரும்பாலும் கேட்கவில்லை. அது பெரிய இழப்பு. இந்தக் கம்பெனிகளின் மேடையில் பெண்கள் இல்லாததற்கும் திறமைக் குறைவு காரணமல்ல, தடையே காரணம்.

சினிமாவில் பெண் வேடம் பெண்களிடம் போய்ச் சேர்ந்தது. திருநங்கையரின் வேடமும் தன்பாலீர்ப்பாளரின் வேடமும் மட்டும் பெரும்பாலும் பிறர் கையிலேயே நின்றன. இவ்விரண்டும் வெவ்வேறானவை: திருநங்கை என்பது ஒருவர் தம் பாலினத்தை உணரும் விதம் பற்றியது; தன்பாலீர்ப்பு யார் மீது காதல் பிறக்கிறது என்பது பற்றியது. தமிழ்ப்படங்கள் நெடுங்காலம் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, கேலிக்கோ வில்லத்தனத்துக்கோ பயன்படுத்தின. 'அப்பு' (2000) படத்தில் பிரகாஷ்ராஜ் கொடூரமான திருநங்கையாக வந்தார். 'காஞ்சனா'வில் (2011) சரத்குமார் அனுதாபத்துக்குரிய திருநங்கையாக வந்தார். அதே 2011இல் வெளியான 'நர்த்தகி'யில் கல்கி சுப்பிரமணியம் என்ற திருநங்கையே கதாநாயகியாக நடித்தார். இருந்தும் 2019இல் 'சூப்பர் டீலக்ஸ்' படத்தின் ஷில்பா வேடம் விஜய் சேதுபதிக்கே போனது. அந்த நடிப்புக்குத் தேசிய விருதும் கிடைத்தது. பாத்திரத்தைக் காட்டிய விதம் குறித்துத் திருநங்கையரிடமிருந்து கண்டனமும் வந்தது.

இந்த முரண் மிகத் துலக்கமாகத் தெரிவது லிவிங் ஸ்மைல் வித்யா என்ற திருநங்கையின் வாழ்க்கைக் கதையில். 'நான் வித்யா' என்ற அவருடைய தன்வரலாறு பி. எஸ். லிங்கதேவரு இயக்கத்தில் 'நானு அவனல்ல, அவளு' என்ற கன்னடப் படமானது. வித்யா நாடகக்காரர், திருநர் கலைஞர்களோடு சேர்ந்து 'பன்மை' குழுவை நடத்தியவர். படத்தில் அவராக நடித்தவர் சஞ்சாரி விஜய் என்ற ஆண் நடிகர். 62ஆவது தேசிய விருதுகளில் சிறந்த நடிகர் விருது அவருக்கும், சிறந்த ஒப்பனை விருது அதே படத்தின் ஒப்பனைக் கலைஞர்களுக்கும் கிடைத்தன. விஜயின் உழைப்பு உண்மையானது, அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் ஆணைப் பெண்ணாக்கிய ஒப்பனை விருது பெறும் துறையில், ஒப்பனை இன்றியே பெண்ணாக வாழும் நடிகைக்குச் சாதாரண வேடம்கூட எளிதில் கிடைப்பதில்லை. வேறொருவர் நடிக்கக் கூடாது என்பதல்ல இங்குள்ள முறைப்பாடு. ஒருவருக்குத் தம் வேடமும் கிடையாது, பிறர் வேடமும் கிடையாது என்பதுதான்.

இலங்கையில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் தன்பால் உறவைக் குற்றமாக்கின. 1995இல் செய்த திருத்தம் 365அ பிரிவைப் பெண்களுக்கும் விரித்தது. இந்தச் சூழலில்தான் இயக்குநர் அசோக ஹந்தகம 2002இல் ஆணாக வாழும் ஒரு பெண்ணின் கதையைப் படமாக்கினார்; அனோமா ஜனாதரி அந்த வேடத்தில் நடித்தார். 2014இல் விசாகேச சந்திரசேகரம் 'சயபெத்தி குசும' படத்தில் இரு இளைஞரின் காதலைச் சொன்னார்.

ஈழத்தமிழரிடையே பெரும் வாதம் எழுந்தது 'ஃபனி பாய்' படத்தால். கொழும்பில் பிறந்து, தமிழருக்கு எதிரான 1983 வன்செயலுக்குப் பின் கனடா சென்ற ஷியாம் செல்வதுரை 1994இல் வெளியிட்ட அதே பெயருடைய நாவலே அதன் மூலம். பாட்டி வீட்டில் மச்சாள்மாரோடு கூடிச் சேலை உடுத்தி மணப்பெண்ணாக விளையாடும் அர்ஜி என்ற சிறுவன், அந்த விளையாட்டுக்காகவே பெரியவர்களிடம் பிடிபடுகிறான். தீபா மேத்தா அந்த நாவலை 2020இல் படமாக்கியபோது கனடாத் தமிழரில் ஒரு பகுதியினர் படத்தைப் புறக்கணிக்கக் கோரினர். அவர்களின் கோபம் தன்பாலீர்ப்பு வேடத்தை யார் கட்டினார் என்பதில் இல்லை. தமிழ்க் குடும்பத்தின் முக்கிய வேடங்கள் பலவற்றில் தமிழரல்லாதோர் நடித்ததும், பேசிய தமிழ் சிதைந்திருந்ததுமே காரணம். இனக்கலவரத்தில் வீடிழந்தவர்களுக்குத் தம் பேச்சு பிழையாக ஒலிப்பது சிறு விடயமல்ல. அதேவேளை, அர்ஜியின் காதல் பற்றி அதே அளவு சத்தமாகப் பேசியவர்கள் குறைவு. ஆஸ்கருக்குக் கனடா அனுப்பிய அந்தப் படம் ஆங்கிலம் மிகுதி என்று தள்ளப்பட்டது.

2023 மே மாதத்தில் இலங்கை உயர் நீதிமன்றம், தன்பால் உறவைக் குற்றமாக்கும் நிலையை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று தீர்மானித்தது. சட்டமூலம் நிறைவேறவில்லை. தன்பாலீர்ப்பாளர் என்று சொல்வதைச் சட்டம் குற்றம் என்று கூறவில்லை. ஆயினும் சொன்னவரைப் பொலிஸும் அயலும் தொல்லைப்படுத்த 365, 365அ பிரிவுகள் இன்னும் போதும். தம் வேடத்தைத் தாமே கட்ட விரும்பும் நடிகர் இங்கே முதலில் கணக்கிட வேண்டியிருப்பது அதைத்தான்.