உழைத்த ஆண்டுகளின் கணக்கு

சென்ற ஆண்டில் ஒரு நாள் மாலை, அன்னூரிலுள்ள என் வீட்டுத் திண்ணைக்கு ஒரு பெண்மணி வந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். பஞ்சாலையில் வேலை செய்பவர். என் பழைய மாணவி ஒருத்தியின் தமக்கை. வேலையிலிருந்து நின்றுவிட்டதாகவும், வருங்கால வைப்பு நிதியில் உள்ள பணம் முழுவதையும் வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துவிடப் போவதாகவும் கூறினார். பிறகு கையிலிருந்த தாளை என்னிடம் நீட்டி, "ஏனுங்கய்யா, நான் பதினோரு வருசம் மில்லுல வேல செஞ்சேனுங்க. இதுல ஏழு வருசந்தான் இருக்குதுங்க. மிச்சம் நாலு வருசம் எங்க போச்சுங்க?" என்று கேட்டார்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியனிடம் ஊரார் தாள்களைக் கொண்டுவந்து படித்துச் சொல்லக் கேட்பது புதிதன்று. ஆனால், அந்தக் கேள்விக்கு விடை அவர் கொணர்ந்த தாளில் இல்லை. அதைத் தேட நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

நம் கொங்கு நாட்டில் முதியவர்களுக்குப் புகலிடமாக இருந்தவை நிலமும் பிள்ளைகளும் ஆகும். காடு தோட்டம் உள்ளவன் அதை நம்பினான். இல்லாதவன் மக்களை நம்பினான். 1888-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் மில் என மக்கள் வழங்கிய நூற்பாலை எழுந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. ஏரைவிட்டு ஆலைக்கு வந்தவர்களுக்கு மாதக் கூலி கிடைத்தது. ஆனால், கை தளர்ந்த காலத்தில் அவர்களுக்குச் சோறு எங்கிருந்து வரும்? முதலாளி மனமுவந்து ஏதேனும் கொடுத்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

இக்கேள்வி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனியில் பிஸ்மார்க் ஆட்சியில் 1889-ஆம் ஆண்டிலேயே முதியோர் காப்புறுதிச் சட்டம் பிறந்தது. அங்கே ஒவ்வொரு தொழிலாளியிடமும் ஓர் அட்டை இருந்தது. செலுத்திய தொகைக்கு உரிய வில்லைகளை அதில் ஒட்டி வந்தனர். அந்த அட்டையே அவன் உழைப்புக்குச் சான்று. 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. ஒவ்வொருவர் ஊதியத்தையும் அவருக்குரிய எண்ணின் கீழ்ப் பதிந்து வைத்தது. நம் தமிழர் பலர் தோட்டங்களில் உழைத்த மலாயாவில் 1951-ஆம் ஆண்டில் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது. நாடுகள் வேறாயினும் அடிப்படை ஒன்றே: உழைத்த நாளில் எழுதி வைத்ததற்கே ஓய்ந்த நாளில் பலன்.

இந்தியாவில் அரசு ஊழியருக்கும் இரயில்வே ஊழியருக்கும் வைப்பு நிதிகள் முன்பே இருந்தன. 1925-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்குக் காவலாயிற்று. ஆலைத் தொழிலாளருக்கு அந்த வாய்ப்பு வருவதற்கு விடுதலை வரை காத்திருக்க நேர்ந்தது. 1951 நவம்பர் 15-இல் ஓர் அவசரச் சட்டம் பிறந்தது. 1952-இல் அதுவே ஊழியர் வருங்கால வைப்பு நிதிச் சட்டமாயிற்று. முதலில் ஆறு தொழில்களுக்கு மட்டும் அது பொருந்தியது. அவற்றுள் நெசவுத் தொழிலும் ஒன்றாதலால், கோவை ஆலைகள் தொடக்கத்திலேயே அதன்கீழ் வந்தன. தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு ஆறேகால். அதாவது ரூபாய்க்கு ஓரணா. முதலாளியின் பங்கும் ஓரணா. பிற்காலத்தில் இப்பங்கு படிப்படியாக உயர்ந்து, 1997-இல் பெரும்பாலான நிறுவனங்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு ஆயிற்று.

அத்திட்டத்தை வகுத்தவர்கள் ஒரு நுட்பமான விதியையும் அதில் எழுதினர். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் உறுப்பினருக்குக் கணக்குச் சீட்டுத் தரவேண்டும். அச்சீட்டுச் சரியாக உள்ளதா என்று உறுப்பினரே பார்த்துக்கொள்ள வேண்டும். பிழையிருப்பின் ஆறு மாதத்துக்குள் நிறுவனத்தின் வழியாக அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் பிடிப்பது முதலாளியின் கடமை. எழுதி வைப்பது அலுவலகத்தின் கடமை. சரிபார்ப்பது தொழிலாளியின் கடமை. இம்மூன்றனுள் முதலிரண்டைப் பற்றியே நாம் பேசிவந்தோம். மூன்றாவதை மறந்தோம். எழுத்தறிவு குறைந்திருந்த அந்நாளில், சீட்டு வந்தால் அதை மடித்துப் பெட்டியில் வைத்தனர். பலர் அதனைக் கண்ணாலும் காணவில்லை.

தொடக்கத்தில் இது வெறும் சேமிப்பாகவே இருந்தது. 1971-இல் குடும்ப ஓய்வூதியம் சேர்ந்தது. 1995 நவம்பர் 16 முதல் ஊழியர் ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இங்கேதான் ஒரு பெரிய மாறுதல் நேர்ந்தது. சேமிப்பில் எழுதப்படுவது பணம். ஓய்வூதியத்தில் எண்ணப்படுவது ஆண்டு. தகுதியுள்ள பணி பத்து ஆண்டு இருந்தால்தான் மாத ஓய்வூதியம் உண்டு. குறைந்தால் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு விலக வேண்டியதுதான்.

ஓய்வூதியத்தைக் கணக்கிடும் முறை எளிது. ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி, எழுபதால் வகுக்க வேண்டும். 2014-க்குப் பின் பணியேற்ற ஒருவரின் அச்சம்பளம் 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டுக்கு மாதம் 2,000 ரூபாய். பதினைந்து ஆண்டுக்கு 3,000 ரூபாய். அதாவது, ஏட்டில் ஓராண்டு விடுபட்டால் மாதந்தோறும் 200 ரூபாய் குறையும். உயிருள்ள மட்டும் குறையும்.

இனி அப்பெண்மணியின் நான்கு ஆண்டுகளுக்கு வருவோம். அவர் மணமாகுமுன் ஓர் ஆலையில் நான்கு ஆண்டு வேலை செய்தார். மணமாகிச் சில ஆண்டுகள் வீட்டிலிருந்தபின், வேறோர் ஆலையில் ஏழு ஆண்டு வேலை செய்தார். முன்னாளில் ஆலை மாறினால் கணக்கெண்ணும் மாறும். ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே எண் என்னும் முறை 2014-இல்தான் வந்தது. அவருடைய முதல் கணக்கு அதற்கு முந்தியது. அதில் அவர் பெயருக்கு முன்னே தந்தையின் முதலெழுத்து. இரண்டாவதில் கணவரின் முதலெழுத்து. ஏட்டின் கண்ணுக்கு அவர் இரண்டு பெண்கள்! ஒருத்திக்கு நான்கு ஆண்டு. மற்றொருத்திக்கு ஏழு ஆண்டு. இருவருக்குமே ஓய்வூதியம் இல்லை.

அன்று அவர் பணம் கேட்டுக் கையெழுத்திட்டிருந்தால், கதை அத்துடன் முடிந்திருக்கும். நல்வேளையாக, பழைய ஆலையின் சம்பளச் சீட்டு ஒன்று அவர் தாய்வீட்டுப் பெட்டியில் இருந்தது. அதில் பழைய கணக்கெண் இருந்தது. முதல் கணக்கின் பணத்தை அவர் எடுக்கவும் இல்லை. பெயர்த் திருத்தத்துக்கும் கணக்கு மாற்றத்துக்கும் விண்ணப்பித்தார். பலமுறை அலைந்தார், சில மாதங்கள் கழிந்தன. இறுதியில் இரண்டு கணக்கும் ஒன்றாயின. பதினோரு ஆண்டு உழைத்தவருக்குப் பதினோரு ஆண்டும் கிடைத்தன. ஐம்பத்தெட்டு வயதில் மாதந்தோறும் ஓய்வூதியம் பெறும் உரிமை அவருக்கு நிலைத்தது.

இது படியாதவர்க்கு மட்டும் நேர்வது என்று நினைக்க வேண்டா. என் கதையும் அதுதான். தனியார் உதவிபெறும் பள்ளிகளிலும் தலத்தாபனப் பள்ளிகளிலும் பணியாற்றிய ஆசிரியர்க்குச் சென்னை மாநிலம் 1955-இல் முப்பயன் திட்டத்தைத் தந்தது: வைப்பு நிதி, காப்பீடு, ஓய்வூதியம் ஆகிய மூன்றும் ஒருங்கே கிடைத்தன. இந்தியாவுக்கே அது முன்மாதிரி. அந்த வரலாற்றை மாணவர்க்குப் பெருமையுடன் சொல்லியவன் நான். ஆனால், என் பணிப்பதிவேட்டை முப்பது ஆண்டு நான் முழுமையாகப் படித்ததில்லை. ஓய்வுக்குச் சில மாதம் முன்பு புரட்டியபோது, நான் ஒரு பள்ளியிலிருந்து மற்றொரு பள்ளிக்கு மாறிய ஆண்டில், பணி சரிபார்க்கப்பட்டது என்னும் குறிப்பே இல்லை. பழைய சம்பளப் பட்டியலைத் தேடியெடுத்துச் சான்று பெறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மாணவரின் விடைத்தாளை இரண்டுமுறை கூட்டிப் பார்த்த கண், தன் ஏட்டைப் பார்க்க மறந்தது.

'கணக்குப் பார்த்தால் பிணக்கு வரும்' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. உறவினரிடையே அது பொருந்தலாம். உழைப்பின் கணக்குக்குப் பொருந்தாது. ஊழியரிடம் பிடித்த பங்கைச் செலுத்தாமல் வைத்துக்கொள்வதை நம்பிக்கை மோசடியாகக் கருதும் விளக்கம் 1973-இலேயே தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தது. ஆயினும், செலுத்தப்படவில்லை என்பதை அறிந்து சொல்ல ஒருவர் வேண்டுமே! அதை முதலில் அறியக்கூடியவர் கணக்குக்கு உரியவரே.

ஆதலின், ஆண்டுக்கு ஒருமுறையேனும் உங்கள் கணக்கைப் பாருங்கள். இன்று அது கைப்பேசியிலேயே கிடைக்கிறது. பெயரும் பிறந்த நாளும் ஆதார் அட்டையில் உள்ளவாறே இருக்கின்றனவா? பழனிசாமி என்பவர் ஓரிடத்தில் பழனிச்சாமி ஆகியிருக்கிறாரா? சேர்ந்த நாளும் நின்ற நாளும் சரியா? ஒவ்வொரு மாதப் பங்கும் வந்திருக்கிறதா? வாரிசு பெயர் எழுதப்பட்டிருக்கிறதா? பழைய கணக்கெண்ணும் சம்பளச் சீட்டும் நிலப்பத்திரத்துக்கு நிகரானவை. அவற்றைப் பத்திரத்தோடேயே வையுங்கள்.

கோவை சத்தியமங்கலம் சாலையும், மேட்டுப்பாளையம் அவினாசிச் சாலையும் எங்கள் அன்னூரில் கூடுகின்றன. முறை மாறும் வேளைகளில் ஆலைப் பேருந்துகள் அங்கே நின்று, பஞ்சுத்தூசு படிந்த தலைகளுடன் பலரை இறக்கிச் செல்கின்றன. அன்றைய உழைப்பு அவர்களைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது. அது ஏட்டிலும் ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொள்வது மட்டுமே மிச்சம்.