ஃபிட்டரின் கையும் ‘தப்பு யார் மேல?’ என்ற கேள்வியும்

திருச்சி எடமலைப்பட்டி புதூர்ல இருந்து பொன்மலை ரொம்ப தூரம் இல்லை. தென்னிந்திய ரயில்வே தன்னோட பணிமனையை நாகப்பட்டினத்துல இருந்து அங்கே மாற்றியது. 1928-ல பொன்மலைப் பணிமனை இயங்க ஆரம்பிச்சுது. என்ஜினைக் கழற்றி, பழுது பார்த்து, திரும்ப மாட்டுறதுதான் அங்கே வேலையே. 1960-கள்ல ‘பெல்’ வந்தது, அதையொட்டி ஏராளமான பட்டறைகளும் வந்தன. திருச்சி ஃபிட்டர்களின் ஊர். இன்றைக்கு அந்த ஃபிட்டரோட கையைப் பற்றித்தான் பேசப்போறோம்.

மெஷினுக்கு ஒரு பாதுகாப்பு மூடி இருக்கும். பழுது பார்க்கிறவர் முதல்ல அதைத்தான் கழற்றணும். அதாவது, மற்றவங்களைக் காப்பாற்றுற மூடி அவருக்கு மட்டும் இல்லை. அவர் உள்ளே கை விட்டிருக்கும்போது, விஷயம் தெரியாத ஒருத்தர் சுவிட்சைப் போட்டா முடிஞ்சுது. அதனாலதான் முறையா நடக்குற தொழிற்சாலைகள்ல மெயினை அணைச்சு, பூட்டுப் போட்டு, சாவியைப் பழுது பார்க்கிறவரே பையில வச்சுக்குவார்.

சரி, விபத்து நடந்துடுச்சு. உடனே வர்ற கேள்வி: “தப்பு யார் மேல?”

இந்தக் கேள்விக்குப் பெரிய வரலாறு இருக்கு. 1837-ல இங்கிலாந்துல ஒரு வழக்கு. கசாப்புக்காரர்கிட்ட வேலை பார்த்தவர் ஒருத்தர். பாரம் ஏற்றின வண்டி உடைஞ்சதுல அவருக்குத் தொடை எலும்பு முறிஞ்சுது. இழப்பீடு கேட்டார், மேல்விசாரணையில கிடைக்கலை. அந்தக் காலச் சட்டத்துல முதலாளிக்கு மூணு கேடயம் இருந்தது. ‘கூட வேலை பார்த்தவன் தப்பு.’ ‘ஆபத்து தெரிஞ்சுதானே வேலைக்கு வந்தே.’ ‘உன் கவனக்குறைவும் இருக்கே.’ சுவிட்சைப் போட்டது சக தொழிலாளின்னா, முதல் கேடயமே போதும்.

இதை உடைச்ச யோசனை ரொம்ப எளிமையானது. மெஷின் இருந்தா விபத்தும் இருக்கும். லாபம் யாருக்கோ, அந்தச் செலவும் அவருக்கே. ஜெர்மனி 1884-ல விபத்துக் காப்பீடு கொண்டுவந்தது. பிரிட்டன் 1897-ல சட்டம் போட்டது. இந்தியாவுல தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-ல நிறைவேறி, 1924 ஜூலை 1 முதல் அமலானது. ரயில்வே தொழிலாளர்களும் அதுல அடக்கம். பொன்மலைப் பணிமனை தொடங்கினப்போ அந்தச் சட்டத்துக்கு வயசு நாலுதான்.

அந்தச் சட்டம் முதலாளியோட தப்பை நிரூபிக்கச் சொல்லலை. வேலையினால, வேலை நேரத்துல காயம் பட்டதா? அது போதும். சில விதிவிலக்குகள் உண்டு: குடிபோதை, உத்தரவை வேணும்னே மீறுறது, பாதுகாப்பு மூடியை வேணும்னே அகற்றுறது. வெறும் கவனக்குறைவு அந்தப் பட்டியல்லயே இல்லை.

காயத்துக்கு ஓர் அட்டவணையும் வந்தது. இப்போ அதன்படி கட்டைவிரல் போனா சம்பாதிக்கும் திறன்ல 30 சதவீதம் இழப்பு. ஒரு கையில நாலு விரல் போனா 50. உடம்பை இப்படிச் சதவீதமாப் பிரிக்கிறது கொடுமையாத் தெரியலாம். ஆனா அதுக்கு முன்னாடி பேரம்தான் இருந்தது.

அட்டவணையே கடைசி வார்த்தையும் இல்லை. ஒடிசாவுல ஒரு தச்சர் சினிமா தியேட்டர் வேலையில விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேல இழந்தார். ஒரு கையை வச்சுக்கிட்டுத் தச்சு வேலை செய்ய முடியாது. அதனால இழப்பு முழுமையானதுன்னு 1975-ல உச்ச நீதிமன்றம் உறுதி செஞ்சுது. விபத்து நடந்த அன்றைக்கே பணம் கொடுக்க வேண்டிய கடமை வந்துடுதுன்னும் சொன்னது.

1948-ல இரண்டு சட்டங்கள் வந்தன. தொழிற்சாலைகள் சட்டத்தோட 22-வது பிரிவு, ஓடுற மெஷின்கிட்ட போய் வேலை செய்யப் பயிற்சி பெற்றவரைத்தான் அனுப்பணும், இறுக்கமான உடையை நிர்வாகமே தரணும், அவர் பெயர் பதிவேட்டுல இருக்கணும்னு சொன்னது. இன்னொன்று இ.எஸ்.ஐ. சட்டம். அந்தத் திட்டம் 1952-ல கான்பூர், டெல்லியில தொடங்கி, 1955-ல கோயம்புத்தூருக்கு வந்தது. இ.எஸ்.ஐ. இருக்கிறவங்களுக்கு இழப்பீடு முதலாளிகிட்ட இருந்து இல்லை, இ.எஸ்.ஐ.-யில இருந்து வரும். 2025 நவம்பர்ல நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புகள் இந்தப் பழைய சட்டங்களோட இடத்தை எடுத்திருக்கு.

ஆனா சின்னப் பட்டறைகள்ல, கை போனவரே “என் கவனக்குறைவுதான்”னு சொல்லுவார். ஆஸ்பத்திரி செலவு, கையில கொஞ்சம் பணம், ஒரு தாள்ல கையெழுத்து. கதை முடிஞ்சுதுன்னு நினைப்பாங்க. உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித் தர்ற ஒப்பந்தம் செல்லாதுன்னு 1923 சட்டமே சொல்லிடுச்சு. கான்ட்ராக்ட் ஆளா இருந்தாலும், வேலையைக் கொடுத்த நிறுவனத்துகிட்டயே கேட்கலாம்.

உங்க வீட்டுலயோ தெருவுலயோ ஒரு ஃபிட்டர் இருந்தா இதைச் சொல்லுங்க. விபத்து நடந்தா உடனே எழுத்துல தெரிவிக்கணும், மருத்துவச் சீட்டுகளைப் பத்திரமா வைக்கணும், தொழிலாளர் துறையில மனு கொடுக்கணும். காலக்கெடு இருக்கு, தள்ளிப் போடக்கூடாது. அங்கே “கவனமா இருந்தியா?”ங்கிறது முதல் கேள்வி இல்லை. “வேலையில இருந்தியா?”ங்கிறதுதான்.