வீட்டுக் கணினியில் இசைப்பதிவு

தனி ஸ்டூடியோவுக்குப் போகாமல், வீட்டு அறை ஒன்றிலேயே கணினி, மைக் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸ், மைக், ஹெட்ஃபோன் ஆகியவற்றைக் கொண்டு இசையைப் பதிந்து தொகுக்கும் முறை. சென்னையில் இதற்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது, ஏ. ஆர். ரகுமான் 1989-இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு சேர்த்துக் கட்டிய பஞ்சதன் ரெக்கார்ட் இன். 'ரோஜா' (1992) பாடல்கள் அங்கேதான் உருவாயின. அது வீட்டு வளாகத்தில் இருந்த முழு ஸ்டூடியோ. படுக்கையறை மேசை அல்ல. ஆனாலும் வாடகை மணிக்கணக்கைப் பார்க்காமல், இசைக்கலைஞர் இரவெல்லாம் தன் இடத்திலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம் என்ற எண்ணத்துக்கு அது உரம் போட்டது. மின்னிசைக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் மிடி 1983-இலும், இசையைத் தொகுக்கும் கியூபேஸ் மென்பொருள் 1989-இலும், மென்பொருளுக்குள்ளேயே எஃபெக்டுகளை இயக்கும் விஎஸ்டி 1996-இலும் வந்தன. அதன் பிறகு சாதாரணக் கணினியே போதுமானதாயிற்று.

சென்னையின் திருவான்மியூரில் இதற்கான ஆட்கள் இசை, கணினி என இரு பக்கமும் உண்டு. 1936-இல் ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கிய கலாக்ஷேத்ரா 1962 முதல் இங்கே இயங்குகிறது. பக்கத்திலேயே, 2000-இல் திறந்த டைடல் பார்க்கைச் சுற்றிக் கணினி வேலை பார்ப்பவர்கள். 2020-இல் கொரோனாவால் சபாக்கள் மூடி மார்கழிக் கச்சேரிகள் இணையத்துக்குப் போனபோது, பாடத் தெரிந்தவர்களும் பதியக் கற்க வேண்டியதாயிற்று.

கணினியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி உள்ள எந்த லேப்டாப்பும் வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கத்தைத் தாங்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.6 எம்பி, எட்டு டிராக்கில் ஒரு மணி நேரக் கச்சேரி 4 ஜிபியைச் சற்றே தாண்டும். பணத்தை இன்டர்ஃபேஸிலும் மைக்கிலும் போடுவது மேல். கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபாண்டம் பவர் தேவை. இன்டர்ஃபேஸில் அதற்கொரு பொத்தான் இருக்கும்.

பலரைத் திணறடிப்பது லேட்டன்சி. பாடியது கணினிக்குள் போய் ஹெட்ஃபோனுக்குத் திரும்புவதற்குள் ஏற்படும் தாமதம் இது. மேடையில் பத்தடி தள்ளி உட்காரும் கடம் வாசிப்பவரின் அடி பாடகர் காதை எட்டவே 9 மில்லிசெகண்ட் ஆகும். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. கணினி ஒலியைச் சேர்த்து வைத்துக் கையாளும் அளவான பஃபரை 1024 சாம்பிளில் விட்டுவிட்டால், 48 கிலோஹெர்ட்ஸில் போக 21, வர 21 என்று 40-க்கு மேல் போய்விடும். தன் குரலே பின்தங்கிக் கேட்டால் காலப்பிரமாணம் இழுபடும். பதியும்போது பஃபரை 128-க்கு இறக்கி, மிக்ஸிங்கின்போது ஏற்றிக்கொள்வது வழக்கம். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் ஏஎஸ்ஐஓ டிரைவரைப் போடாமல் இதில் இறங்கவே கூடாது. டைரக்ட் மானிட்டர் வசதி இருந்தால் குரல் கணினிக்குள் நுழையாமலே காதுக்கு வந்துவிடும்.

மென்பொருள்கள் மேலை இசையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. சுருதியைத் திருத்தும் ஆட்டோடியூனைப் பன்னிரண்டு சுரத்தில் இறுக்கி வைத்தால் தோடியின் காந்தாரம் படிக்கட்டு ஏறும். கர்நாடக இசைக்கு அதைத் தொடாமலிருப்பதே உத்தமம். மெட்ரோனோம் கிளிக்கும் அப்படித்தான்: மெல்லிசைக்கு அவசியம், விருத்தத்துக்கு வீண். ஹெட்ஃபோனில் தம்புரா மட்டும் போதும். அந்தத் தம்புராவையும் தனி டிராக்கில் வைக்க வேண்டும்; குரல் மைக்கில் கசிந்துவிட்டால் பிறகு வெட்டி ஒட்ட முடியாது.

இரைச்சலில் பாதி மின்சாரத்தில் பிறக்கிறது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் 'ஹம்' நின்றுவிட்டால், பழுது மைக்கில் இல்லை, எர்த்தில். லேப்டாப் உடம்பைத் தொட்டால் விரல் லேசாகச் சுரீர் என்பதும் பெரும்பாலும் அதனால்தான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்த்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் மாட்டுவது முதல் வைத்தியம். மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். மே மாதத்தில் ஒரு டேக்குக்கும் அடுத்த டேக்குக்கும் நடுவே துண்டு தேவைப்படும். எதிரொலிக்கு விலையுயர்ந்த ஃபோம் வாங்குவதற்கு முன், புடவை அடுக்கிய பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் பாடிப் பார்க்கலாம். வெளிச்சத்தத்துக்கு ஃபோமால் பயனில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்துகள் ஓயும் நேரம் பார்த்துப் பதிவதுதான் வழி.

திருவான்மியூர் வட்டாரத்துக்கென்று ஒரு தொல்லை கடல்காற்று. உப்பு ஈரத்தில் கேபிள் முனைகளில் களிம்பு ஏறிக் கரகரக்கும். கண்டென்சர் மைக்கின் மெல்லிய சவ்வில் ஈரம் படிந்தால் பதிவில் பட்பட்டென்று சத்தம் வரும். வேலை முடிந்ததும் மைக்கை ஸ்டாண்டிலேயே விடாமல், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வைப்பது நல்லது.

பதிந்ததை எம்பி3 ஆக்காமல் வேவ் கோப்பாகவே வைத்திருக்க வேண்டும். திரைப்படத்துக்குக் குரல் அனுப்புவோர் 48 கிலோஹெர்ட்ஸிலும், சிடிக்குப் பதிவோர் 44.1-இலும் தொடங்குவது வழக்கம். இதைப் பதிவுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டால் பிறகு மாற்றும் வேலை மிச்சம்.